கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து

எதிர்ப்பக்கத்து ஆண் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழும். இந்தப் பக்கம் ஆடும் பெண்மணி அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "இன் சார், உங்க பாயின்ட்" என்பார். சொல்லும்போதே பந்து விழுந்த இடத்தைக் காலணியால் ஒரு தேய் தேய்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

செம்மண் தரையில் பந்து விழுந்தால் தடம் பதியும், கட்டைவிரலால் அழுத்தியதைப் போல. எங்களுடையதைப் போன்ற சின்ன டென்னிஸ் சங்கங்களில் நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் உள்ளே, வெளியே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் வலையைச் சுற்றிப் போய் அந்தத் தடத்தைக் குனிந்து பார்க்கலாம். நந்தனத்தில் அந்தக் கோர்ட்டில் நான் ஆடிய வருடங்களில், பெரிய பதவிகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காலை ஆறரை மணிக்கு மண்ணில் முழங்காலிட்டு, ஒரு தடத்துக்காக ஒருவரையொருவர் பொய்யன் என்று சொல்லிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவரோடு மட்டும் யாருக்கும் சண்டை வந்ததில்லை. தடம் இருந்தால்தானே சண்டை வரும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்களும் அதைச் சொல்லி அவரை அழைத்ததில்லை. மந்தைவெளிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண் என்பதால் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. முதல் வருடம், "நான் நர்ஸ் இல்ல சார்" என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தாராம். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

அவர் முறைப்படி உறுப்பினரா என்பதே எனக்குக் கடைசிவரை தெரியாது. இரட்டையர் ஆட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் செயலாளர் அவருக்குப் போன் செய்வார். கால் மணி நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நிற்கும். சுடிதார், குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்த துப்பட்டா, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, பிடியில் சுற்றிய துணி நைந்துபோன மட்டை. அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பாதி ஆட்டத்தில் நான்காவது ஆண் வந்து சேர்ந்துவிட்டால், யாரும் கேட்காமலே ஓரமாக ஒதுங்கி, "நீங்க ஆடுங்க சார், எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று இடத்தைக் கொடுத்துவிடுவார். டியூட்டி ஒன்பது மணிக்குத்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் என் ஜோடியாக ஆடிய நாட்களில், நான் சர்வீஸ் போடப் போகும்போது முன்னாலிருந்து திரும்பிப் பார்க்காமலே மெல்லச் சொல்வார்: "மூச்சு இழுங்க. பிடிங்க. விடுங்க." எக்ஸ்ரே மேசையில் நோயாளிகளிடம் நாளெல்லாம் சொல்லிச் சொல்லி வாயில் தங்கிவிட்ட வாக்கியம். எனக்கு அது வேலை செய்தது. பதறும் சுபாவம் எனக்கு. அவர் அப்படிச் சொன்ன பிறகு போட்ட சர்வீஸ்களில் பாதியாவது உள்ளே விழுந்தன.

தனி ஆட்டத்துக்கு ஆள் கிடைக்காத நாட்களிலும் அவரைத்தான் அழைப்போம்; அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பது அதில் முதல் சில பந்துகளிலேயே தெரியும். வலது மூலை, இடது மூலை, வலைக்கு அருகே ஒரு சின்னத் தட்டல். நாங்கள் ஓடி ஓடி மூச்சு வாங்குவோம். மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று அவர் பக்கம் முன்னேறும். அதற்குப் பிறகு எங்கேயோ ஒரு குழாயை யாரோ திருகி மூடியதைப் போல ஆகிவிடும். வெளியே விழும் பந்துகள் எல்லாம் உள்ளே விழுந்ததாகும். சர்வீஸ் வலையில் போய் மோதும். கடைசியில் ஆறுக்கு நான்கு, ஏழுக்கு ஐந்து என்று ஆண் ஜெயித்திருப்பார். அவரிடம் தோற்றவர் என்று எங்கள் சங்கத்தில் ஒருவரும் இல்லை.

அவருடைய இன்னொரு முகத்தை நான் ஒரே ஒருமுறை பார்த்தேன். மணிக்கட்டு வீங்கி, அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போனேன். அங்கே அவர் நீல அங்கியில், மார்பில் பெயர் அட்டையோடு நின்றார். முதல் தடவையாக அந்தப் பெயரை அப்போதுதான் படித்தேன். "அசையாதீங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது" என்றார். கோர்ட்டில் கேட்ட குரலே இல்லை அது. படம் வந்தது. இளம் மருத்துவர் ஒருவர் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, போதும், எலும்பில் ஒன்றுமில்லை என்றார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. கை ஒரு நூல் திரும்பியிருக்கிறது, இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார். வெளியே கூட்டம் காத்திருக்கிறது என்று மருத்துவர் எரிச்சல்பட்டார். "கூட்டம் இருக்கட்டும் டாக்டர். தப்பான படத்துல என் கையெழுத்து போட மாட்டேன்." மறுபடி எடுத்தார். அதிலும் எலும்பு சரியாகத்தான் இருந்தது. படத்தை உறையில் போட்டுக் கொடுக்கும்போது மட்டும் பழைய சிரிப்பு வந்தது: "எலும்புல ஒண்ணுமில்ல சார். எல்லாம் பயம்தான்."

அங்கே ஒரு நூலை விடாதவர், இங்கே ஒரு சாண் தள்ளி விழுந்த பந்தை உள்ளே என்கிறார். ஆட்டோவில் வீடு திரும்பும்போது அதை யோசித்தேன். கோட்டூர்புரம் வருவதற்குள் மறந்தும் விட்டேன். எனக்கு வசதியாக இருந்த ஒன்றைப் பற்றி நான் அதிக நேரம் யோசித்ததில்லை.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வந்து பந்து பொறுக்கிப் போடுவாள். அவளுக்கு அவர் 'ஆன்ட்டி', ஆன்ட்டி என்றால் உயிர். ஞாயிறுகளில் அவர் சாந்தோம் தேவாலயத்தில் காலைப் பூசை முடித்துவிட்டுத் தாமதமாக வருவார். அதுவரை இவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே பிள்ளை என்பதால் அவளைப் பற்றி எனக்கு ஓயாத பயம். சாலையைக் கடப்பது, ஜுரம், பள்ளி வேன், செல்போன். கோர்ட்டை மட்டும் ஆபத்தில்லாத இடம் என்று நம்பினேன்.

அந்த வருடம்தான் சங்கத்தில் படம் போட்டார்கள். வெளிநாட்டில் எப்போதோ நிஜமாக நடந்த ஒரு ஆட்டத்தைப் பற்றிய படம். பெண்கள் ஆண்களுக்கு ஈடாக முடியாது என்று ஊரெல்லாம் சவால் விட்ட ஒரு பழைய சாம்பியனோடு ஒரு வீராங்கனை மோதி ஜெயித்த கதை. சாயங்காலம் கோர்ட்டின் பின்வேலியில் வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையாக்கினார்கள். குடும்பங்களோடு வந்திருந்தோம். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவள் அடித்த ஒவ்வொரு அடிக்கும் கைதட்டினார்கள். அவள் ஜெயித்த கட்டத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் எழும்பின.

அவர் பின்வரிசையில் என் மகளோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள், ஆன்ட்டி கடைசியில் திரையையே பார்க்கவில்லையாம். நாற்காலிகளில் இருந்த ஆண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு இவளிடம், "அந்த ஆளு வீட்டுக்குப் போய் என்ன பண்ணியிருப்பான் பாவம்" என்று கேட்டாராம். "ஜெயிச்சது யாரு, இவங்க யாரைப் பாவம்னு சொல்றாங்க பாருங்கப்பா" என்று மகள் சிரித்தாள்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எங்கள் செயலாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கலகலப்பானவர். படம் முடிந்து எல்லோரும் எழுந்தபோதே அறிவித்துவிட்டார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம கோர்ட்டுலயும் ஒண்ணு நடத்திருவோம். சிஸ்டர் ஒரு பக்கம். ஆம்பளைங்க பக்கம் யாருவே?" நாற்பத்து நாலு வயதில் கொஞ்சம் ஓடக்கூடியவன் நான்தான். என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவரிடம் சம்மதம் கேட்டார்களா என்பது எனக்கு நினைவில்லை.

அந்த ஞாயிறு திருவிழா மாதிரி இருந்தது. பெரிய பாத்திரங்களில் இட்லியும் வடையும் வந்தன. கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்துக் கோடு போடும் பெரியவர் விடியற்காலையிலேயே வந்து, சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்துப் பளிச்சென்று கோடு போட்டிருந்தார். என் மகள் அட்டையில் 'ஆன்ட்டிக்கே வெற்றி' என்று எழுதி எடுத்துவந்திருந்தாள். "உங்களுக்கு அம்மா இருக்காங்கப்பா, நான் ஆன்ட்டி பக்கம்" என்றாள். போய் அவருடைய பக்கத்துக் கடைக்கோட்டுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரே ஒரு செட். அவர் ஐந்துக்கு இரண்டு என்று முன்னே இருந்தார். அன்று குழாயை மூடவில்லை. நான் இடமும் வலமும் அல்லாடினேன். பக்கம் மாறிக் களைத்து நின்றபோது பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருவர், "சார், அடுத்த வாரம் எங்க மாமியாரைக் கூட்டிட்டு வரேன். முட்டி வலின்னாலும் உங்களுக்குச் சரியா இருப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான். நானும் சிரித்ததாகத்தான் நினைக்கிறேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த அட்டையை மெதுவாகத் தரையில் கவிழ்த்து வைத்தாள். அவர் சர்வீஸ் போடப் பந்து வாங்கத் திரும்பியபோது அதைப் பார்த்தார். பந்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகு அவர் அடித்தது எதுவும் முழு வேகத்தில் வரவில்லை.

ஐந்துக்கு ஐந்து. பிறகு எனக்கு ஆறு. கடைசிப் பந்தை நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன் என்றே சொல்லலாம். அது நீளமாகப் போனது. கோட்டில் பட்டிருந்தால் அந்தக் கெட்டிச் சுண்ணாம்பு வெள்ளையாகப் பறந்திருக்கும். பறந்தது செம்மண். கோட்டுக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி. நான் பார்த்தேன்.

"இன்" என்றார் அவர். காலால் தேய்த்தார்.

நான் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினேன். ஆண்கள் கோர்ட்டுக்குள் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். அந்த நேரத்தில் யாரோ எடுத்த படத்தைச் சட்டம் போட்டு சங்கத்து அறையில் மாட்டினார்கள். நான் வாயெல்லாம் பல்லாக, கைகளை உயர்த்தியபடி. அவர் கைகுலுக்க நீட்டிய கை ஓரத்தில் தெரியும். முகம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அவரிடம் கேட்டேன். நாங்கள் இருவர்தான் இருந்தோம். அந்தப் பந்து வெளியேதானே என்றேன். ஷூ நாடாவை முடிந்துகொண்டே, தனக்கு உள்ளே விழுந்ததாகத்தான் தெரிந்தது என்றார். நான் விடவில்லை. மற்ற ஷூவின் நாடாவையும் முடிந்துவிட்டுச் சொன்னார்:

"எங்கப்பாவ நான் பதினாலு வயசுல ஜெயிச்சுட்டேன் சார்."

பிறகு துண்டு துண்டாக மற்றதைச் சொன்னார். அப்பாதான் மட்டை பிடிக்கப் பழக்கியது. மாதா கோயில் மைதானத்தில் ஒரு பழைய கோர்ட். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த சனம் முழுக்க நின்று பார்க்க, ஆறுக்கு ஒன்று. அப்பா கைதட்டினார். எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தன் மட்டையை அடுப்பங்கரை வாசலுக்கு மேலே ஆணியில் மாட்டினார். சாகும்வரை அதை எடுக்கவில்லை. மகள் ஆடிய எந்தப் போட்டிக்கும் வரவில்லை. அப்புறம் மகளும் போட்டிகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

"திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். ஒண்ணுமே சொல்லல சார். நான் அந்த ஆணியப் பாத்துக்கிட்டேதான் சோறு தின்னேன்." எழுந்து நின்றார். "உங்க பொண்ணு முகத்தப் பாத்தேன். அவளுக்கு அது வேணாம்னு தோணுச்சு."

அப்போது நான் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகளை இந்த ஒரு மாதமாக எழுதி எழுதிப் பார்க்கிறேன். என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் உங்கள் அப்பா இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்."

அதன் பிறகு மகள் ஞாயிறுகளில் கோர்ட்டுக்கு வருவது குறைந்து, நின்றும் போனது. வீட்டுப்பாடம் என்றாள். வயசு என்று நினைத்தேன்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரிகளில் நெஞ்சுப் படம் எடுக்க வரிசை வரிசையாக ஆட்கள் காத்திருந்த வாரங்கள் அவை. கூட வேலை செய்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் முறையையும் சேர்த்து இவரே பார்த்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம சிஸ்டர் இறந்துவிட்டார்' என்று செய்தி வந்தது. கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. அஞ்சலிக் குறிப்பு போட அவருடைய முழுப்பெயர் யாருக்காவது தெரியுமா என்று செயலாளர் கேட்டிருந்தார். எனக்குத் தெரியும். தட்டச்சு செய்தேன். அதற்குள் வேறொருவர் 'நமது அன்புச் சகோதரிக்கு அஞ்சலி' என்று ஒரு படத்தைத் தயாரித்துப் போட்டுவிட்டார். எழுதியதை அழித்துவிட்டுக் கூப்பிய கைகளை அனுப்பினேன். அடக்கத்துக்கு எங்களில் யாரும் போகவில்லை. போக முடியாத காலம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது மகளுக்குப் பத்தொன்பது வயது. பொறியியல் படிக்கிறாள். போன மாதம் கல்லூரியில் பாலம் வடிவமைக்கும் போட்டி. மூன்று வாரம் எங்கள் கூடத்தில் நடக்க இடமில்லை. தரையெல்லாம் குச்சியும் பசையும். கணக்குகளை அவள்தான் போட்டாள். மாதிரியை அவள்தான் ஒட்டினாள். குழுவில் இருந்த பையன் இரண்டு நாள் வந்து டீ குடித்துவிட்டுப் போனான். பரிசளிப்புக்கு என்னையும் அழைத்திருந்தாள். மேடையில் அந்தப் பையன் தனியாக நின்று, இந்த யோசனை தனக்கு எப்படி வந்தது என்று பேசினான். என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினாள்.

காரில் திரும்பும்போது கேட்டேன். "அவனுக்கு அது வேணும்பா. இல்லன்னா உடைஞ்சு போயிடுவான். எனக்குப் பரவால்ல" என்றாள். கோட்டூர்புரம் பாலம் ஏறுவதற்கு முன்னால் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். கத்தினேன். உழைப்பை இப்படித் தூக்கிக் கொடுப்பவள் நாளை எதை எதைக் கொடுப்பாய் என்று கேட்டேன். "அந்த ஆன்ட்டிகிட்ட கத்துக்கிட்டியா இதை?"

"இல்லப்பா. உங்ககிட்ட."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஆன்ட்டி பந்தோட மார்க்கை அழிச்சாங்க. நான் பின்னாடியேதான் உக்காந்திருந்தேன், எனக்கு அது தெரிஞ்சுது. உங்களுக்கும் தெரிஞ்சுதுன்னு உங்க முகத்துல பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சாயங்காலம் சொல்லுவீங்க, மறுநாள் சொல்லுவீங்கன்னு. நீங்க கையைத் தூக்குனீங்கப்பா. அவ்ளோ சந்தோஷமா உங்களை நான் பாத்ததே இல்ல. சரி, இப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

வண்டிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. எட்டு வருடம் அவள் அதை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். அன்று அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்தது எனக்காக என்று அவரும் நானும் நினைத்தோம். அது எனக்காகத்தான். ஆனால் அவள் வேண்டாம் என்று நினைத்தது அப்பா தோற்பதையா, அப்பாவைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதையா என்று எங்கள் இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, எதற்கென்று மகளிடம் சொல்லிவிட்டுச் சங்கத்துக்குப் போனேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் அந்தப் படம். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப் போலச் சொன்னேன்: அந்தப் பந்து வெளியே விழுந்தது, அன்று நான் ஜெயிக்கவில்லை, ஜெயித்தது அவர். அவருடைய பெயரையும் சொன்னேன். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. யாராவது கோபப்படுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

செயலாளருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கனிவாகப் பார்த்தார். "அது எங்களுக்குத் தெரியும்லா" என்றார். "இதுக்குப் போயி மனசைப் போட்டு அலட்டுதீரே."

கோடு போடும் பெரியவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். "சுண்ணாம்பே பறக்கல சார். மண்ணு தான் பறந்துச்சு. அல்லாரும் பாத்துக்கினு தான இருந்தோம்" என்றார்.

ஒருவர் பேச்சை மாற்றினார். மழை வரும் போலிருக்கிறது என்றார்.

வீட்டில் மகள் கூடத்தில் உட்கார்ந்து மிச்சமிருந்த குச்சிகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முடிந்த போட்டி பற்றிய அறிக்கையை அந்த வெள்ளிக்கிழமைக்குள் துறையில் கொடுக்க வேண்டும் என்றும், அதில் யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுத ஓர் இடம் உண்டு என்றும் மனைவி என்னிடம் சொல்லியிருந்தாள். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"எல்லாருக்கும் தெரியுமாம்மா. அன்னைக்கே தெரியுமாம்."

அவள் டப்பாவை மூடினாள். சரியாக மூடவில்லை, திறந்து, துருத்திக்கொண்டிருந்த ஒரு குச்சியை உள்ளே தள்ளி, மறுபடி மூடினாள்.

"என் க்ளாஸ்லயும் எல்லாருக்கும் தெரியும்பா" என்றாள்.